ஒளித்து வைத்த கள்ளி

கள்ளிக்கு அதிகம் தண்ணீர் ஆகாது. கள்ளியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். அந்த ஒன்றைக்கூட என் வீட்டில் என்னால் காப்பாற்ற முடியவில்லை. நினைக்கும்போது இப்போதும் தலைக்குள் சுர்ரென்று ஏறுகிறது. ஆறட்டும் என்று பல மாதம் காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடேயே எழுதுகிறேன்.

என்னுடையது தூண் மாதிரி நேரே மேலே எழும்பும் வகை. உடம்பெல்லாம் மெல்லிய வெள்ளை முள். தள்ளி நின்று பார்த்தால் பஞ்சு ஒட்டியது போலிருக்கும், தொட்டால்தான் தெரியும். இங்கே ஓக்லாந்தின் ஏவன்டேல் ஞாயிறு சந்தையில், கீரைக்கட்டுகளுக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவில், ஒரு மாஜரின் டப்பாவில் சுட்டுவிரல் உயரத்தில் நின்றது. ஊர் ஞாபகத்தில் வாங்கினேன் என்று யாரும் உருக வேண்டாம். ஊரில் கள்ளியை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அப்போது மகள் கைக்குழந்தை. நானும் கணவரும் மாறி மாறி ஷிஃப்ட் வேலை. நான் மறந்துபோனாலும் கோபிக்காத ஒரு பொருள் வீட்டில் இருக்கட்டுமே என்று வாங்கினேன். பதினொரு வருடத்தில் அது ஐந்து தண்டுகளாகி, உயரமான தண்டு என் நெஞ்சு வரை வந்துவிட்டது.

வளர்த்த கதையே ஒரு கோபக் கதைதான். கள்ளி பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள், வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் பூமியின் வடபாதியில் இருக்கிறார்கள். தெற்குப் பார்த்த யன்னலில் வை என்கிறார்கள். நம்பி வைத்தேன். இங்கே தெற்குப் பக்கம் வெயில் எட்டியும் பார்க்காது, வடக்கில்தான் வெயில். டிசம்பரில் தண்ணீரை நிறுத்து என்கிறார்கள். நிறுத்தினேன். இங்கே டிசம்பர் நடுக்கோடை. வளர வேண்டிய மாதங்களில் அதைப் பட்டினி போட்டு, ஜூன் மழையில் ஊற்றோ ஊற்று என்று ஊற்றினேன். முதல் வருடம் அது செத்துப்போகாதது என் திறமையால் அல்ல. அதன் பிடிவாதத்தால்.

பிறகு என் கணக்கை நானே போட்டுக்கொண்டேன். ஏப்ரல் கடைசியில் வரும் அன்சாக் நாளன்று கடைசித் தண்ணீர். அதற்குப் பிறகு ஒக்டோபர் முடிவில் லேபர் வீக்எண்ட் வரை ஒரு சொட்டும் இல்லை. மே பிறந்ததும் செடி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். குளிருக்காக அல்ல. இந்தக் கள்ளி குளிரைத் தாங்கும், உறைபனியைக்கூடத் தாங்கும், காய்ந்த மண்ணில் நின்றால். குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால்தான் அடி அழுகும். ஓக்லாந்தின் குளிர்காலம் முழுக்கக் குளிரும் ஈரமும்தான். ஆகவே வரவேற்பறையில், வடக்கு யன்னலோரமாக, சுவரை ஒட்டி ஒரு மர ராக்கை. அதன் கீழ்த்தட்டில் கள்ளி. ஆறு மாதம் அது அங்கே சும்மா நிற்கும்.

போன கோடையின் கடைசியில், உயரமான தண்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளை முள்ளுக்குள்ளிருந்து மூன்று சிறிய மொட்டுகள் வெளியே வந்தன. மிளகாய்ப் பிஞ்சு அளவு. குளிர் முந்திவிட்டதால் விரியாமல் கருகி விழுந்தன. பரவாயில்லை என்று நினைத்தேன். மொட்டு விடும் வயது வந்துவிட்டதென்றால் அடுத்த கோடையில் கட்டாயம் பூக்கும். சிவப்புப் பூ, தண்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்குமாம். அந்தப் பூவைப் பார்க்க வேண்டும் என்பது தவிர அந்த வருடம் எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை. சின்ன ஆசை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பலகை வீடு. எட்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். சொந்தக்காரரை ஒருநாளும் கண்டதில்லை. அவருக்காக ஒரு ஏஜென்ட் வருவாள். குளிர்காலக் காலைகளில் யன்னல் கண்ணாடியின் உள்பக்கமாகத் தண்ணீர் வழியும். துவாய் போட்டுத் துடைத்து, துவாயைப் பிழிந்து, திரும்பத் துடைப்பேன். அலுமாரிக்குள் தோல் சப்பாத்து பச்சை பிடிக்கும். மகளின் அறைச் சுவரில் கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் லோண்டரி பார்க்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களுடைய போர்வைகளை உலர்த்திவிட்டு, என் பிள்ளையின் ஈரத் தலையணைக்குத் திரும்பி வருகிறேன். ஈரம் இழுக்கும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தோம். அதன் தொட்டி ஒரே இரவில் நிரம்பிவிடும். அவ்வளவு தண்ணீரையும் நாங்கள் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்கள் வண்டவாளம் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன். இரண்டு நாளைக்கு முன்னர் ஈமெயில் வரும். அதைக் கண்டதும் என் கணவர் வேறு மனிதராகிவிடுவார். பிளீச் போத்தலை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய் பூஞ்சணம் முழுவதையும் தேய்த்துக் கழுவுவார். யன்னலைத் துடைப்பார். உடுப்புக் காயும் ஸ்டாண்டை மடித்துக் காருக்குள் வைப்பார். ஈரம் இழுக்கும் மெஷினைப் போர்வையால் மூடி அலுமாரிக்குள் தள்ளுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அதைக் கண்டால் வீட்டில் ஈரம் இருக்கிறதென்று நினைப்பார்களாம். வீட்டுக்காரரின் ஈரத்தை வீட்டுக்காரரின் ஏஜென்டிடமிருந்து நாங்கள் ஒளித்தோம். எட்டு வருடம், வருடத்துக்கு நான்கு தடவை. ஒவ்வொரு முறையும் வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று அவள் எழுதிக்கொண்டு போனாள். அவளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அவள் கண்டதைத்தான் எழுதினாள்.

அவர் மட்டும்தான் அப்படி என்று நான் நழுவ முடியாது. சுவருக்கு அவர் பிளீச் அடித்தால், நான் பின்னால் நின்று ஈரத் துணியால் துடைத்தேன். தீபாவளிக்குக்கூட அப்படித் துடைத்ததில்லை. மகள் இருமி இருமி டொக்டரிடம் போனபோது, வீடு ஈரமா என்று டொக்டர் நேராகவே கேட்டார். இல்லை, நல்ல வீடு என்றேன். பக்கத்தில் பிள்ளை இருமிக்கொண்டிருக்க, மானம் போகக் கூடாதென்று அப்படிச் சொன்ன வாய் இந்த வாய்தான்.

அவருடைய பயம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். இளம் வயதில் கொழும்பில் லொட்ஜ் அறைகளில் இருந்தவர். விடியப்புறம் பொலிஸ் வந்து கதவைத் தட்டுவார்கள். அறையில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். தட்டுகிறவர்களின் கண்ணில் எதுவும் தட்டுப்படக் கூடாது, கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்ட வேண்டும், சிரிக்க வேண்டும். அதில் பழகிய உடம்பு. இன்ஸ்பெக்‌ஷனை அவர் இன்றைக்கும் செக்கிங் என்றுதான் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பரிதாபமும் வரும், எரிச்சலும் வரும். எரிச்சல்தான் கூடுதலாக வரும். இங்கே வந்து இருபது வருடமாகிறது. பாஸ்போர்ட்கூட இந்த நாட்டுடையது.

மே மாத இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு இடம் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. கள்ளி ராக்கைக்குப் பின்னால், சுவர் மூலையில், உள்ளங்கை அளவு கறுப்பு. ஏஜென்ட் குனிந்து பார்த்தாள், படம் எடுத்தாள். இளம் பெண், மரியாதையான பேச்சு. உங்கள் செடிகள்தான் வீட்டுக்குள் ஈரத்தை உண்டாக்குகின்றன, எடுத்துவிட்டால் நல்லது என்று சொன்னாள். பிறகு அதையே ரிப்போர்ட்டிலும் எழுதி அனுப்பினாள். அன்சாக் நாளுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத செடி. கையை விட்டால் மண் பொருபொருவென்று உதிரும். வீட்டுக்குள் உருப்படியாகக் காய்ந்திருந்த ஒரே பொருள் அதுதான். அதைக் காட்டி, இதனால்தான் ஈரம் என்கிறாள். என் கணவர் யெஸ் யெஸ், சொரி, எடுத்துவிடுகிறோம் என்றார். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள்.

அன்று மாலை, பாபடோயிட்டோயில் இருக்கும் அவருடைய அக்காவிடம் அவர் போனில் இதைச் சொல்ல, முள்ளுச் செடி வீட்டுக்குள் நின்றால் சண்டை வரும், நான் அப்போதே சொன்னேன் என்று அக்கா தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டார். நான் அசையவில்லை. செடி ராக்கையிலேயே நிற்கும், ரிப்போர்ட் எழுதியவள் வந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும் என்றேன். அவர் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று நினைத்துவிட்டேன். கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அந்த மௌனத்தைப் பிழையாக எடுத்தது என் மடத்தனம்.

ஜூலைப் பள்ளி விடுமுறையில் சிட்னியில் என் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். நானும் மகளும் போனோம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள். தினமும் போனில் கதைத்தோம். சாப்பிட்டீர்களா, வேலை எப்படி, மழையா என்று நான் கேட்டேன். மழைதான் என்றார். செடியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. குளிர்காலத்தில் அதைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? சும்மா விட்டால் போதும், அவ்வளவுதான் அதற்குச் செய்ய வேண்டிய சேவை.

திரும்பி வந்து சூட்கேசைக் கீழே வைத்ததும் என் கண் போனது ராக்கைக்குத்தான். வெறுமை. சுவர் மூலை வெள்ளை வெளேரென்று இருந்தது. பிளீச் மணம்.

“கள்ளி எங்கயப்பா?” என்றேன்.

“பின்னுக்கு வச்சிருக்கிறன். பத்திரமா மூடித்தான் வச்சனான்” என்றார்.

மே மாதம் பூஞ்சணம் கண்டதால் இம்முறை மூன்று மாதம்கூட ஆகவில்லை, நாங்கள் சிட்னிக்குப் புறப்பட்ட மறுநாளே இன்ஸ்பெக்‌ஷன் ஈமெயில் வந்திருக்கிறது. உடனேயே அவர் செடியைத் தூக்கிக்கொண்டு போய், கராஜுக்குப் பின்னால் வேலியோரச் சீமெந்துத் தரையில் வைத்து, நீலத் தறப்பாளால் சுற்றி, கயிற்றால் கட்டியிருக்கிறார். இரண்டு நாளில் திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்று எண்ணம். ஏஜென்டுக்குச் சுகமில்லை, சுகமானதும் வேறு நாள் வருகிறேன் என்று அவள் தகவல் அனுப்பிவிட்டாள். எந்த நாள் வருவாளோ தெரியாது, செடி அங்கேயே நிற்கட்டும் என்று இவர் விட்டுவிட்டார். அத்தனை நாளும் மழை. இடையில் இரண்டு காலைகளில் உறைபனி.

கயிற்று முடிச்சை அவிழ்க்க எனக்குப் பொறுமை இல்லை, கத்தரிக்கோலால் வெட்டினேன். தறப்பாளின் மடிப்புக்குள் தேங்கியிருந்த தண்ணீர் என் சப்பாத்துக்குள் ஊற்றியது. உள்ளே வேர்த்துப் போயிருந்தது. சாடியின் அடித்துவாரம் தண்ணீரில் மூழ்கி நின்றது. மேலே பார்த்தால் ஐந்து தண்டும் முன்பைப் போலவே வெள்ளையாக, அழகாகத்தான் நின்றன. அடியில் பழுப்பு. பெருவிரலால் மெல்ல அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. அழுகிய பூசணிக்காய் மணம் வந்தது. உயரமான தண்டு என் தோளில் சாய்ந்தது. பிடிக்கப் போய்க் கை முழுக்க முள்.

நான் கத்தினேன். அயல்வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை முழுவதும் இங்கே எழுத முடியாது. உங்களுக்கு மூளை இருக்கிறதா என்றேன். பதினொரு வருடம் என்றேன். பிள்ளை மாதிரி வளர்த்தேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன், கோபத்தில் எல்லாரும் சொல்வதுதானே.

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். “நீர் கத்துறது சரி. ஆனா அவை எழுதித் தந்திட்டினம், செடியை எடுக்கச் சொல்லி. எடுக்காட்டி வீட்டை விடச் சொல்லுவினம். இந்த வாடகைக்கு வேற எங்க போறது?”

வீண் பயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வீட்டை விடச் சொல்ல இப்போது காரணம்கூடக் காட்டத் தேவையில்லை. அதனால் என் கோபம் இன்னும் கூடியது. அவர் முழுக்கப் பிழை என்றால் திட்டித் தீர்த்துவிட்டு இருந்திருப்பேன். பாதி சரியான மனிதரோடு சண்டை பிடிப்பது போல ஒரு சள்ளை வேறில்லை.

அன்று பின்னேரம் குசினி மேசையில் பேப்பர் விரித்து வெட்டினேன். கத்தியை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு விரல் அளவு வெட்டிப் பார்ப்பது, நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுவது. சுத்தமான பச்சை வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். உயரமான தண்டை வெட்டிக்கொண்டே போனேன். மொட்டு வந்த இடமும் பழுப்பு. உச்சியும் பழுப்பு. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு தண்டு முழுதாகப் போயிற்று. எல்லாவற்றிலும் குட்டையான ஐந்தாவதில் மட்டும், மேலே ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை மிஞ்சியது. வெட்டுவாயில் கறுவாப்பட்டைத் தூளைப் பூசி, காற்றாட வைத்தேன். அப்படியே பல வாரம் காய்ந்து தோல் கட்டினால்தான் மண்ணில் வைக்கலாம். அது வேர் விட்டு, வளர்ந்து, மொட்டு விடும் வயதுக்கு வர இன்னும் எத்தனை வருடம் என்று கணக்குப் போடப் போய் நிறுத்திவிட்டேன்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். “இட்ஸ் ஜஸ்ட் அ பிளான்ட், அம்மா” என்றாள். அவள் என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு இருமினாள். சிட்னியில் பன்னிரண்டு நாளும் இருமாத பிள்ளை. வீட்டுக்குள் வந்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். குளிரும் ஈரமும் சேர்ந்தால் கள்ளி தாங்காது என்று வருவோர் போவோருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள் நான். செடிக்காக அன்சாக் நாளைக் குறித்து வைத்தேன், சுவரோரம் பார்த்து ராக்கை வைத்தேன். அதே வீட்டில் படுக்கும் பிள்ளைக்கு என்ன செய்தேன்? அவளுடைய சுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்து, நல்ல வீடு என்றேன். அவர் ஒளித்தது ஒரு செடியை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எட்டு வருடமாக அவளுடைய இருமலை ஒளித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே சொல்லிவிட்டேன். இந்த முறை சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. பூஞ்சணம் வரட்டும். மெஷின் நடு அறையில் நிற்கும். யன்னல் வழியட்டும். ஏஜென்ட் வந்து பார்க்கட்டும். அவர் ம் என்றார். சிட்னியிலிருந்து வந்த பிறகு நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். சமைத்து வைப்பேன், அவர் போட்டுச் சாப்பிடுவார். தேவையான செய்தி மகள் வழியாகப் போய் வரும்.

ஓகஸ்டில் ஏஜென்ட் குறித்துத் தந்த நாளுக்குள் பூஞ்சணம் தாராளமாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. மகளின் கட்டிலுக்குப் பின்னால் கறுப்பு, ராக்கை மூலையில் கறுப்பு. முதல் நாள் மாலை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பத்து மணிக்கு அவள் வருவதாக இருந்தது. லீவு போட்டிருந்தேன்.

காலையில் எழும்பினால் பிளீச் மணம்.

மகளின் அறைக்கு ஓடினேன். சுவர் வெள்ளை. ராக்கை மூலை வெள்ளை. யன்னல் கண்ணாடி பளபளவென்று இருந்தது. மெஷினைக் காணவில்லை. அவர் வரவேற்பறையில் இஸ்திரி போட்ட சேட்டோடு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கைவிரல்கள் சிவந்து, தோல் ஊறிச் சுருங்கியிருந்தன. நான் என்ன சொல்லியிருந்தேன், இவர் என்ன செய்திருக்கிறார்! அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குள் கதவு மணி அடித்தது.

அவள் வந்தாள், சப்பாத்தைக் கழற்றினாள், டாப்லெட்டைத் தட்டிக்கொண்டே அறைகளைப் பார்த்தாள். ராக்கை மூலையில் நின்று சிரித்தாள். செடியை எடுத்தது நல்ல வேலை, பாருங்கள், பூஞ்சணம் திரும்ப வரவே இல்லை என்றாள். எனக்கு அது போதும். எட்டு வருடம் சிரித்த சிரிப்பு என்னிடம் அன்று இல்லை. அலுமாரியைத் திறந்தேன், போர்வையை இழுத்து எறிந்தேன், மெஷினின் தொட்டியை வெளியே எடுத்தேன். நிரம்பியிருந்தது. அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். இது ஒரு இரவுத் தண்ணீர் என்றேன். செடிக்கு ஏப்ரலுக்குப் பிறகு தண்ணீரே இல்லை, செடி செத்தும் போய்விட்டது, பிறகு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். போனில் இருந்த படங்களைக் காட்டினேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ஆனால் இப்போது ஒன்றுமில்லையே என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். நான் கணவரிடம் திரும்பினேன். அவளுக்கு விளங்க வேண்டும் என்று இங்கிலிஷிலேயே கேட்டேன். காலையில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஒரு அந்நிய ஆளுக்கு முன்னால் நான் அவரை அப்படி நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் வெளிறிவிட்டது. ஒன்றுமில்லை என்று சொல்வார், யெஸ் யெஸ் சொரி என்று சிரிப்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்றும் ஒரு கணம் நினைத்தேன். அவர் எழும்பி நின்றார். சிவந்த கைகளைச் சேட்டில் துடைத்தார். தன்னுடைய இங்கிலிஷில், மெதுவாக, தான்தான் கழுவியதாகச் சொன்னார். இன்றைக்கு மட்டுமல்ல, எட்டு வருடமாக, ஒவ்வொரு முறையும் கழுவியதாகச் சொன்னார்.

அவள் டாப்லெட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள், ஏன் கழுவினீர்கள் என்று.

“பிகோஸ் யூ ஆர் கமிங்” என்றார்.

நீங்கள் வருகிறீர்கள், அதனால்தான்.  அவள் தொட்டித் தண்ணீரைப் படம் எடுத்தாள். என் போன் படங்களைத் தனக்கு அனுப்பச் சொன்னாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

அதனால் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஆள் வந்து, சுவருக்கு மேலால் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். மாதம் முடிவதற்குள் பெயின்டுக்கு உள்ளிருந்து கறுப்பு எட்டிப் பார்த்தது. நான் எழுதினேன், பதில் வரவில்லை, திரும்ப எழுதினேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். டொக்டரிடம் போய், அன்று நான் சொன்னது பொய், வீடு ஈரம் என்றும் சொன்னேன். ஒரு சாண் கள்ளி தோல் கட்டி, தண்ணீர் தேங்காத பியூமிஸ் கல் நிரப்பிய சாடியில் ராக்கையின் கீழ்த்தட்டில் நிற்கிறது. லேபர் வீக்எண்டில் முதல் தண்ணீர் ஊற்றினேன். அரைக் கோப்பைதான். இந்தக் கோடையில் பூ இல்லை. அடுத்த கோடையிலும் இல்லை. அந்த நான்கு தண்டுகளுக்காக அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாராவது நினைத்தால், இல்லை.

போன வாரம் அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்கான ஈமெயில் வந்தது. அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு எழும்பி ராக்கையிடம் போனார். நான் குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், கையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவர் கள்ளியைத் தொடவில்லை. ராக்கையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்து, சுவரிலிருந்து ஒரு முழம் இந்தப் பக்கம் இழுத்து வைத்தார். பின்னாலிருந்த கறுப்பு வாசலில் நின்றாலே தெரிந்தது. தள்ளி நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.